இடது மூலையில் ஒரு கால்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு நம் வீட்டில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. நீ சட்டம் போட்டு, அட்டைப்பெட்டிக்குள் தெர்மாகோல் திணித்து அனுப்பிவைத்த கல்வராயன் மலைப் படத்தை மாட்டுவதற்காக நடுக்கூடத்துச் சுவரில் ஆணி அடிப்பதில்லை என்பதே அந்த முடிவு. பதினொரு நாள் விவாதத்துக்குப் பிறகு வாக்கெடுப்பு நடந்தது. ஆணிக்கு ஆதரவாக உன் அம்மா, எதிராக நான். ஒன்றுக்கு ஒன்று என்று சமமாகிவிட்டதால், சுத்தியல் யார் கையில் இருக்கிறதோ அவருக்குக் கூடுதலாக ஒரு வாக்கு உண்டு என்று அங்கேயே ஒரு விதி இயற்றப்பட்டுத் தீர்மானம் நிறைவேறியது. உன் அம்மா வெளிநடப்புச் செய்து சமையலறைக்குப் போனாள். படம் இப்போது பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறது.

படம் மோசம் என்று நினைத்துவிடாதே. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கோமுகி அணைக்கு மேலே ஓடை பாறைகளுக்கு நடுவே திரும்புகிற இடம். பனி பாதிதான் விலகியிருக்கிறது. ஷட்டரை ஒரு நொடிக்கு மேல் திறந்து வைத்துத் தண்ணீரைத் துணி விரித்த மாதிரி ஆக்கியிருக்கிறாய். தொலைபேசியில் நான் பாராட்டினேன், அதுவும் மனதாரத்தான். அப்போதுதான் நீ சொன்னாய்: “அந்தப் பெரிய பாற மேல ஒரு அம்மா துணி தொவைச்சிகினு இருந்தாங்கப்பா. கம்ப்யூட்டர்ல எடுத்துட்டேன். ரெண்டு நிமிஷ வேல.” நான் “அப்பிடியா” என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றிலிருந்து கோபமாக இருக்கிறேன். எழுபதை நெருங்குகிறவனின் கோபத்தால் யாருக்கும் ஆபத்தில்லை. மாத்திரை நேரம் தவறுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் மூன்று வாரமாகக் குறையாத கோபத்தை உன்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது சரியல்ல.

அதே போனில் இன்னொன்றும் கேட்டாய். அடுத்த மாதம் சென்னையில் நீ வைக்கப்போகும் கண்காட்சியில் முதல் படமாக என்னுடைய பழைய பெரணிச் செடிப் படத்தை வைக்க வேண்டும். பிரிண்ட் மஞ்சளாகிவிட்டதால் நெகடிவை அனுப்ப வேண்டும். ‘தந்தையின் கண், மகனின் கண்’ என்று தலைப்பு. தந்தையின் கண்ணில் ஒன்று புரை நீக்கக் காத்திருக்கிறது என்பதால் தலைப்பை மறுபரிசீலனை செய். நெகடிவ் விஷயம்தான் என்னை எழுத வைத்தது. அந்த நெகடிவை ஸ்கேன் செய்தால் இடது கீழ் மூலையில் ஒரு கால் தெரியும். ஒரு பாதமும், கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடையும், அதன் மேல் தொங்கும் வேட்டியின் ஒரு முனையும். நீ இத்தனை ஆண்டுகளாகப் பார்த்த பிரிண்டில் அது இல்லை. பார்த்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். இரண்டு நிமிஷ வேலை. அதே வேலையைக் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் நான் செய்தேன். எனக்கு நாற்பது நிமிஷம் ஆனது.

கள்ளக்குறிச்சியில் நான் தாவரவியல் ஆசிரியராகச் சேர்ந்த மூன்றாம் வருடம் கேமரா வாங்கினேன் என்பதும், குளியலறையை இருட்டறையாக்கி உன் அம்மாவைக் கிணற்றடியில் குளிக்கவைத்தேன் என்பதும் உனக்குத் தெரியும். அவள் வாரம் ஒரு முறை சொல்கிறாள். உனக்குத் தெரியாதது, மெட்ராஸிலிருந்து தபாலில் வந்த ஒரு பக்கத் தாள். ஒரு புகைப்படச் சங்கத்தின் போட்டி விதிகள். இயற்கைப் பிரிவில், மனிதனோ மனிதன் கைப்பட்ட பொருளோ படத்தில் இடம்பெறக் கூடாது என்று இருந்தது. அதை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். நம் மாவட்டத்தில் மனிதன் கைப்படாத இடத்தைத் தேடுவது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப்பார். வயல் இருக்கும், கரும்பு இருக்கும், வாய்க்கால் இருக்கும், அதில் மாடு குளித்துக்கொண்டிருக்கும். மணலூர்பேட்டையில் ஆற்றோரம் ஒரு கொக்குக்காக மூன்று மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். கொக்கு தயாராக நின்றது. பின்னால் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் ஒதுங்க முடியுமா என்று கேட்டேன். ஒருத்தி இடுப்பை நிமிர்த்தி, “நாங்க ஒதுங்கிக்கிறோம், நீ எறங்கி நடு” என்றாள். எல்லாரும் சிரித்த சிரிப்பில் கொக்கு பறந்துவிட்டது. ஒரு வாரம் அந்தப் பெண்மீது எனக்கு ஆத்திரம். அவர்கள் சேற்றைக் கலக்கிப் புழு பூச்சியை வெளியே கொண்டுவந்ததால்தான் கொக்கே அங்கு நின்றது என்பது தாவரவியலில் பட்டம் வாங்கியவனுக்குத் தோன்றவில்லை.

வீட்டிலும் அதே விதிதான். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உங்களைக் கோமுகி அணைக்கு அழைத்துப்போனேன். முப்பத்தாறு படம் எடுத்தேன். ஒன்றில்கூட நீங்கள் இருவரும் இல்லை. நீர்ப்பரப்பில் உன் அம்மாவின் நிழல் விழுகிறது என்று அவளை மூன்று முறை இடம் மாற்றினேன்; நான்காம் முறை அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கே போய்விட்டாள். ஐந்து வயதுவரைக்குமான உன் படங்கள் நம்மிடம் மூன்று இருக்கின்றன. ஒன்று பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு எடுத்தது. மற்ற இரண்டும் யாரோ ஒருவர் கல்யாணத்தில் வேறு யாரையோ எடுக்கும்போது நீ குறுக்கே வந்தது. அதே காலத்தில், கறிவேப்பிலைச் செடியில் இருந்த ஒரு கம்பளிப்புழுவை அது முட்டையிலிருந்து வந்த நாள் முதல் இறக்கை முளைக்கும்வரை தினமும் எடுத்து வைத்திருக்கிறேன். அதன் பிள்ளைப் பருவம் முழுமையாக ஆவணப்படுத்தப்பட்டுள்ளது. இதை நான் ஒரு வேடிக்கையாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இனி சொல்வது வேடிக்கை இல்லை.

உனக்கு அப்போது ஒரு வயது. இடஒதுக்கீடு கேட்டு நம் பக்கத்து ஊர்களெல்லாம் எழுந்திருந்த காலம். ஊருக்கு ஒரு அரசாங்க உத்தியோகம்கூட இல்லாத ஜனங்கள், படித்த பிள்ளைகளுக்குப் பங்கு கேட்டார்கள். ஊர்வலம், மனு, பட்டினி எல்லாம் முடிந்து, ஒரு வாரம் தொடர்ந்து சாலை மறியல் என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். செய்தித்தாள் படிக்கிற, நாலு விஷயம் தெரிந்த உன் அப்பாவுக்கு அதைக் கேட்டதும் தோன்றியது என்ன தெரியுமா? பஸ் ஓடாது, லாரி ஓடாது, காற்றில் தூசு இருக்காது, மலையில் வெளிச்சம் கண்ணாடி மாதிரி இருக்கும். அத்தனை லட்சம் பேர் என் வெளிச்சத்துக்காகத்தான் சாலையில் உட்காரப்போகிறார்கள் என்ற மாதிரி நான் ஃபிலிம் வாங்கக் கிளம்பினேன்.

என்னோடு ஏழுமலையும் வந்தார். எங்கள் பள்ளியில் ரசாயன ஆய்வுக்கூட உதவியாளர்; தற்காலிகம். கச்சிராயபாளையம் பக்கத்தில் ஊர். என்னைவிட இரண்டு வயது சின்னவர், இரண்டு பெண் குழந்தைகள். ஏழு வருடம் தற்காலிகமாக இருந்தவருக்கு அந்த மாதம்தான் நிரந்தர உத்தரவு வந்திருந்தது. அவர் ஊரில் முதல் அரசாங்க உத்தியோகம் அது. போலீஸ் விசாரணை அறிக்கை வந்துவிட்டால் கையெழுத்துப் போட்டுச் சேர வேண்டியதுதான். மறியலுக்கு இரண்டு நாள் முன்னால், ஆய்வுக்கூடத்தில் குடுவைகளைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “சார், நானும் மலைக்கு வந்துடறேன். எங்க அண்ணன் சங்கத்துல இருக்குறாரு. ஊர்ல இருந்தா என்னியும் இஸ்துக்கினு போயிடுவாங்க. போவாம இருக்கவும் முடியாது, போவவும் முடியாது. வெரிபிகேசன் வர்ற நேரம். உங்களோட இருந்தேன்னு வையுங்க, நாளைக்கு எவனும் ஒரு பேச்சு பேச முடியாது. நீங்க வாத்தியாரு.” படிப்பாளி மனிதரின் பக்கத்தில் நின்றால் தன்மேல் கறை படாது என்று நம்பினார். அந்த நம்பிக்கையை எனக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். கேமரா முக்காலியைச் சுமக்க ஒரு ஆள் கிடைத்ததும் வசதியாகத்தான் இருந்தது.

மறியலின் முதல் நாள் காலை ஆறு மணிக்குச் சைக்கிளில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் சாலையில் அதற்குள்ளாகவே புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டினோம். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஏழுமலையைத் தெரிந்தவர்கள். “இன்னா ஏழுமல, வாத்தியார எங்க இட்டுக்கினு போற?” என்றார் ஒருவர். “மேல, பூவு செடி போட்டோ புடிக்க.” “நாங்க இங்க ரோட்டுல குந்திகினு இருக்கறோம், நீ பூ பறிக்கப் போறியா? உனுக்கு இன்னாப்பா, வேல கெடச்சிடுச்சு!” இன்னொருவர் என்னைப் பார்த்து, “சார், எங்களயும் ஒண்ணு புடிங்க சார், பேப்பர்ல போடட்டும்” என்றார். நான் கேமராவை எடுத்தேன். அவர்கள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அவர்களைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, வெட்டுப்பட்ட புளியமரத்தின் வளையங்களை மட்டும் பக்கத்தில் போய் எடுத்தேன். அந்தச் சுருளின் முதல் படம் அது. ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். “வா சார், போலாம்” என்று மட்டும் சொன்னார். வழக்கமாக ‘வாங்க’ என்பவர்.

மலையில் தங்குவதற்கு மனித நடமாட்டமே இல்லாத இடமாகப் பார்த்தேன்; ஓடைக்கு மேலே பாழாய்க் கிடந்த ஒரு கொட்டகை. எங்களை அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெரணியைக் கண்டேன். கவிழ்ந்த பாறைக்கு அடியில், ஈரப் பாசி நடுவே, சுருண்ட குருத்து விரிந்துகொண்டிருந்தது. பாறையின் நிழலில் அது கறுப்பாகத்தான் விழும். ஏழுமலைதான் வழி சொன்னார். இடுப்பில் கட்டியிருந்த வெள்ளை வேட்டியை அவிழ்த்து, அரைக்கால் டவுசரோடு ஓடைக்குள் இறங்கி, வேட்டியை விரித்துப் பிடித்தார். வெயில் வேட்டியில் பட்டுத் திரும்பிப் பாறைக்கு அடியில் போனது. பெரணி உள்ளேயிருந்து விளக்கேற்றிய மாதிரி ஆனது. இடது காலை ஓரப் பாறையில் ஊன்றிக்கொண்டு, முக்கால் மணி நேரம் பனித் தண்ணீரில் நின்றார். நான் அவரிடம் பேசியது மொத்தம் இவ்வளவுதான்: “இன்னும் கொஞ்சம் சாய்.” “ஆடாத.” “உன் கால் வுழுது, ஒதுங்கு.” ஒதுங்கினார். ஒதுங்கினால் வெளிச்சம் போனது. மறுபடி வந்தார். பதினோரு படம் எடுத்தேன். வெளிச்சம் சரியாக விழுந்தது ஒன்றில்தான், இருபத்து மூன்றாவது படம். அதில் அவர் கால் இருந்தது. பிரிண்ட் போடும்போது அந்த மூலையை வெட்டிவிட்டேன். சாலை திறந்து தபால் ஓடத் தொடங்கிய முதல் நாளே படத்தை மெட்ராஸ் போட்டிக்கு அனுப்பினேன். கூடவே, சாலையோரப் புளியமரங்கள் வெட்டப்பட்டதைக் கண்டித்துப் பத்திரிகைக்கு ஒரு கடிதமும் எழுதினேன். அந்த வாரம் போலீஸ் துப்பாக்கிச்சூட்டால் நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் அழுகை கேட்டது என்று எனக்குத் தெரியும். நான் எழுதியது மரங்களைப் பற்றி. பிரசுரமானது. நல்ல நடை என்று தலைமையாசிரியர் பாராட்டினார்.

பத்து நாளில் ஏழுமலையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அவர் ஊர் விலக்கில் ஒரு பஸ்ஸின் கண்ணாடியை உடைத்ததாக வழக்கு. யாரோ கொடுத்த பட்டியலில் அண்ணன் பேருக்குக் கீழே தம்பி பேரும் இருந்தது, நாலாவது எதிரி. ஜாமீனில் வந்த அன்றே நேராக என்னிடம் வந்தார். “சார், நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்” என்றார். அப்புறம், “எங்காலு வுழுந்துச்சுன்னு திட்னீங்களே, அந்தப் படம் இருக்குதுங்களா?” என்று கேட்டார். நான் உடனே பதில் சொன்னேன். யோசித்திருந்தால் வேறு பதில் வந்திருக்கும் என்று சொல்லி உன்னை ஏமாற்ற விரும்பவில்லை. “அது கெட்டுப்போச்சு ஏழுமல” என்றேன். மெட்ராஸ் முடிவு வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. படம் காவல் நிலையத்துக்குப் போகும், அங்கிருந்து கோர்ட்டுக்குப் போகும், பத்திரிகையில் வரும், நடுவர் ஒருவர் கண்ணில் படும், மனிதக் கை பட்ட படம் என்று தள்ளிவிடுவார்கள். இந்த வரிசையை நான் ஒரு நொடியில் கட்டிவிட்டேன். ஏழுமலையின் வேலை போகும் என்ற வரிசை அதைவிடச் சின்னது. அதைக் கட்ட எனக்குத் தோன்றவில்லை.

சாட்சி சொல்லப் போனேன். போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. போவதற்கு முன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தச் சுருளின் முப்பத்தாறு படங்களையும் ஒரே தாளில் சின்னச் சின்னதாகப் பிரிண்ட் போட்டேன். இருபத்து மூன்றாவது படத்தின்மேல் மட்டும், நகத்தளவு கறுப்புக் காகிதத்தை வெட்டி வைத்தேன். முதல் முறை காகிதம் நகர்ந்து கட்டைவிரல் தெரிந்தது. தாளைக் கிழித்துவிட்டு மறுபடி செய்தேன். அந்த நாற்பது நிமிஷம் இதுதான். தாள் காய்ந்தபோது முப்பத்தைந்து படங்களும், அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சின்னக் கட்டமும் இருந்தன.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. எனக்கு நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு தாளை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இது வெட்டுன புளியமரம். அப்ப சுருளு அந்த வாரத்துது, சரி. இது ஓட. இது பாசி. இதுவும் பாசி. இது இன்னா சார்?” “சிலந்தி வலைங்க.” “ரெண்டு பேரு போனீங்கன்னு சொல்றீங்க. ரெண்டு நாளு. ஒண்ணுல கூட அவுரு இல்லியே? கூட வந்த மனுசன ஒரு படம் புடிக்க மாட்டீங்களா?” “நான் எடுக்கறது இயற்கைப் படங்க.” அவர் பக்கத்திலிருந்த ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “சார், எனுக்கும் இந்த ஆளு மேல சந்தேகமா இருக்குதுன்னு இல்ல. மேல கேட்டாங்கன்னா நீட்றதுக்கு ஒரு காயிதம் வேணும். மூஞ்சிகூட வாணாம். கையி காலு இருந்தாக்கூட போதும். அங்க அடையாளத்துல இங்க எழுதியிருக்குது பாருங்க, எடது பாதத்துல ஆசிட்டு பட்ட தழும்பு. அது தெரிஞ்சா நானே பேர அடிச்சிடறேன்” என்றார். பிறகு பூதக்கண்ணாடியை அந்த வெள்ளைக் கட்டத்தின்மேல் வைத்தார். “இது இன்னா, ஒண்ணுமே இல்ல?” நான் டீயைக் கீழே வைத்தேன். “கெட்டுப்போன படங்க” என்றேன்.

நெகடிவில் அந்தத் தழும்பு தெளிவாக இருக்கிறது. நான் குவியம் வைப்பதில் கெட்டிக்காரன். மறியலுக்கு மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாணவன் அமிலக் குப்பியைத் தவறவிட்டபோது, அவனைத் தள்ளிவிட்டுத் தன் காலில் வாங்கிக்கொண்ட தழும்பு அது. தண்ணீர் பட்டுப் பளபளக்கிறது.

போட்டியில் முதல் பரிசு வந்தது. ‘மனிதன் எட்டிப்பார்க்காத இடத்தின் தூய ஒளி’ என்று நடுவர் எழுதியிருந்தார். அந்தத் தூய ஒளி ஏழுமலைக்கு அவர் மாமனார் தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்த எட்டு முழ வேட்டி. படத்தைத் தலைமையாசிரியர் அறையில் மாட்டினார்கள். அதே மாதக் கடைசியில், குற்ற வழக்கு நிலுவையில் இருப்பதால் நிரந்தர உத்தரவு ரத்து என்றும், தற்காலிகப் பணியும் முடிவுக்கு வருகிறது என்றும் ஏழுமலைக்குக் கடிதம் வந்தது. அவர் அதைத் தலைமையாசிரியர் அறையில், என் படத்துக்கு எதிரே நின்றுதான் வாங்கினார். நான் வகுப்பில் இருந்தேன். ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தேன்.

உன் போன் வந்த மறுநாள் நெகடிவைத் தேடி எடுத்தேன். கடைத்தெரு ஸ்டுடியோவில் கொடுத்து, எதையும் வெட்டாமல் முழுதாகப் பெரிய பிரிண்ட் போடச் சொன்னேன். “ஓரத்துல காலு வுழுந்திருக்குது சார், எடுத்துறட்டுங்களா?” என்று அந்தத் தம்பி கேட்டான். அவனைத் திட்டினேன், அது உனக்கு வர வேண்டியது. படத்தை எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏழுமலை ஊருக்குப் போனேன். அவர் கரும்பு வெட்டப் போய்ப் போய் முதுகு வளைந்திருக்கிறது. படத்தை வாங்கி வெயிலில் கொண்டுபோய் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். “கெட்டுப்போச்சுன்னீங்களே சார்?” என்றார். மறுபடி படத்தைப் பார்த்தார். “நல்லாத்தான சார் இருக்குது” என்றார். அவர் மனைவி அஞ்சலை உள்ளேயிருந்து வந்து, படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். “புளியமரத்துக்கு காயிதம் எழுதுன சாரு தான இவுரு?” என்று புருஷனிடம் கேட்டாள். “வுடு அஞ்சல” என்றார். “நான் இன்னாத்த வுடறது? எம்பொண்ணுங்க ரெண்டும் எட்டாவதோட நின்னுச்சு. இந்த மனுசன் கோர்ட்டுக்கு நடந்து நடந்து செருப்பு தேஞ்சிது. இவுரு இத்தினி வருசமா இந்தக் கால வூட்டுல வெச்சிகினு இருந்துக்கிறாரு.” படத்தை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். தண்ணீர் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நான் குடித்திருப்பேன், அதுதான் பிரச்சினை.

ஆகவே உனக்குச் சொல்கிறேன். அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்று நீ சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். தகுதி உள்ளவர்கள் யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள், அதனால் அவர்களுக்கு இது தெரியாது. பனியையும் பாறையையும் நீ என்னைவிட நன்றாக எடுக்கிறாய். ஆனால் நீ எந்தப் பாதை வழியாக அந்த ஓடைக்குப் போனாயோ அதை நடந்து நடந்து போட்டது துணி துவைக்கப் போகிறவர்கள். அந்த அம்மாவை எடுக்க வேண்டாம் என்றால், அவர் துவைத்து முடிக்கும்வரை உட்கார்ந்திரு. உட்கார நேரமில்லை என்றால் அவரோடு எடு. இரண்டும் முடியாது என்றால் கேமராவைப் பையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வா. இருந்த ஒருவரை இல்லை என்று சொல்லும் படத்தை மட்டும் எடுக்காதே. அது படம் இல்லை, பொய்ச் சாட்சி. என்றைக்கு யாருக்கு அந்தப் பாறைமேல் தான் இருந்ததை நிரூபிக்க வேண்டிவரும் என்று உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. உன் கோப்பில் அவர் உள்ள மூலப்படம் இன்னும் இருந்தால் அதை அனுப்பு. ஆணியைப் பற்றி உன் அம்மாவோடு மறுபடி பேசத் தயாராக இருக்கிறேன்.

நெகடிவை இத்துடன் வைத்திருக்கிறேன். கண்காட்சியில் போடுவதென்றால் காலோடு, தழும்போடு, வேட்டி முனையோடு போடு. கீழே ‘வெளிச்சம்: ஏழுமலை’ என்று அவர் பெயரைப் பெரிதாக எழுது, என் பெயரைப் போடாவிட்டாலும் பரவாயில்லை. இதற்கு அவர் சம்மதத்தைக் கேட்டேன். “போட்டுக்குங்க சார், இனிமே இன்னா” என்றார். அஞ்சலையின் சம்மதத்தைக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. நீ போய்க் கேள். அவள் மாட்டேன் என்றால் அந்தச் சுவரைக் காலியாக விடு. பரிசுக் கேடயத்தைத் திருப்பி அனுப்பலாம் என்று அந்தச் சங்கத்தை விசாரித்தேன், அதைக் கலைத்துவிட்டார்களாம். இதுவும் எனக்கு வசதியாகத்தான் அமைந்திருக்கிறது.

வழக்கு பதினோரு வருடம் நடந்தது. பஸ் ஓட்டுநர் யாரையும் அடையாளம் காட்ட முடியாது என்று சொன்னதால் எல்லாரையும் விடுவித்தார்கள். ஏழுமலை தீர்ப்பின் நகலை வாங்கி, பழைய உத்தரவோடு சேர்த்து, வேலை கேட்டு மனுக் கொடுத்தார். அவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. வயது வரம்பு கடந்துவிட்டதால் மனுவை ஏற்கவில்லை.